விசிறி ஓடிக்கொண்டிருந்த தடுப்பறை

இவை நடப்பதற்கு முன் செஞ்சியில் எனக்கிருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செஞ்சிக் கிளையில் எழுத்தராகச் சேர்ந்து, நிர்வாக அதிகாரியாக உயர்ந்தவன். நான் கடைத்தெருவில் நடந்தால் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள். ஆனால் பேச்சைத் தாழ்த்துவார்கள். பெண் கொடுப்பவர்களும் பெண் எடுப்பவர்களும் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். இரண்டு சொற்களுக்கு மேல் நான் சொல்லமாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு சொற்களுக்காகவே வருவார்கள். "அந்தாளு வாயிலேர்ந்து ஒண்ணும் வாங்க முடியாது" என்று சிலர் என்னைக் குறையாகச் சொன்னதுண்டு. கல்லூரி கொடுத்த பட்டத்தைவிட அதையே நான் பெரிதாக வைத்திருந்தேன்.

எங்கள் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு மாடியில் இருந்தது. நீளமான கூடம். அதை ஒட்டுப்பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். தடுப்பு, நின்ற ஆளின் தோள் உயரம் இருக்கும். அதற்கு மேல் ஒரு முழத்துக்குச் சொரசொரப்பான கண்ணாடி. உள்ளே ஆள் இருப்பது நிழலாகத் தெரியும். என்ன செய்கிறார் என்பது தெரியாது. என் தடுப்பறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஆணியில் தொங்கும் என் குடை. மதியம் நான் தனியாகத்தான் சாப்பிடுவேன். பிறர் பார்க்கச் சாப்பிடுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒவ்வாத காரியம். சாப்பிட்டபின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடியிருப்பேன். அப்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறருக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு அடுத்த தடுப்பறையில் இருந்தவர் இறப்புக் கோரிக்கைகளைக் கவனிக்கும் அதிகாரி. பாலிசி எடுத்தவர் இறந்துவிட்டால், அவர் வீட்டார் வந்து, எப்படி இறந்தார், எங்கே இறந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும். அவரும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பணிக்கு வந்தவர்கள். ஒருவரையொருவர் 'சார்' என்றே கடைசி வரை அழைத்துக்கொண்டோம்.

அவர் மேசை ஓரத்தில் ஓர் இரும்பு மேசை விசிறி இருந்தது. பழையது. கடகடவென்று ஓடும். கழுத்தை வலமும் இடமுமாகத் திருப்பும். இடக்கோடிக்குப் போனதும் ஒரு கணம் நின்று, 'டிக்' என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டுத் திரும்பும். வந்தவர் அழப்போகிறார் என்று தெரிந்ததும் அதிகாரியின் கை தானாக அந்த விசிறியின் பொத்தானுக்குப் போகும். மார்கழிக் குளிரிலும் போகும். விசிறி ஓடினால் அந்தத் தடுப்பறைக்குள் யாரும் நுழையக்கூடாது. தொலைபேசி வந்தாலும் அவரைக் கூப்பிடக்கூடாது. தவறி எவராவது எட்டிப்பார்த்தால் அவர் தலையைத் தூக்காமல் இடக்கையை மட்டும் உயர்த்துவார், பார்த்தவர் திரும்பிவிடுவார். இதை உத்தரவாக யாரும் போடவில்லை. டீ கொண்டுவருகிறவர்கூட விசிறி நிற்கும் வரை படிக்கட்டருகே காத்திருப்பார்.

விசிறியின் இரைச்சலில் வந்தவர் சொல்வது காதில் சரியாக விழாது. அதனால் அவர் மேசைமேல் சாய்ந்து கேட்பார். கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார்.

"தண்ணி பாய்ச்சப் போனவரு. சரி. வரப்புல. எந்தக் கால்ல கடிச்சிது? வலது கால்ல. சரிம்மா."

எழுதியது சரிதானா என்று உறுதிசெய்துகொள்வதற்காக அவர் தொடங்கிய பழக்கம் அது. ஆனால் அதற்கு வேறொரு பயனும் இருந்ததை நான் கவனித்திருக்கிறேன். தன் வீட்டில் நடந்த கொடுமையை இன்னொரு வாய் நிதானமாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்கக் கேட்க, வந்தவரின் விம்மல் மெல்ல அடங்கும். கடைசியில் அதிகாரி சொல்லும் 'சரிம்மா'வுக்குப் பிறகு பெரும்பாலும் அழுகை இராது. மூக்கைச் சிந்தும் ஓசை கேட்கும், நாற்காலி நகரும், விசிறி நிற்கும்.

விசிறி அந்தக் குரலைக் கூடத்துக்குப் போகவிடாமல் மறைத்தது. எனக்கு மறைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகை. ஆகவே இந்தத் தாலுகாவின் சாவுகளில் பெரும் பகுதியை நான் கேட்டிருக்கிறேன். மேல்சித்தாமூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் கடைசியாக எதைக் கேட்டார், எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கிணற்றில் விழுந்ததாக ஊர் நம்பிய ஒருவர் உண்மையில் எங்கே விழுந்தார் என்பதும் தெரியும். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் காய்கறிப் பையோடு, சிரித்த முகத்தோடு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் வருவதைப்போல எனக்குத் தோன்றும். வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோவேன். என் மனைவியிடம்கூட ஒன்றையும் சொன்னதில்லை.

இத்தனை ஆண்டுகள் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருடைய செவிகள் மெல்ல மெல்ல மந்தமாயின. இடக்காது ஏறக்குறைய போய்விட்டது. அவருக்கு அது தெரியவில்லை. விசிறி ஓடும்போது எல்லோருமே உரக்கத்தானே பேசுகிறார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. ஏனென்றால், விசிறி ஓடாத நேரத்திலும் அவர் குரல் வரவரப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

இந்நிலையில் சென்னையிலிருந்து புதிய கிளை மேலாளர் வந்தார். இளைஞர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். வந்த சில வாரங்களில் என்னை அழைத்து, தடுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கூடத்தைத் திறந்த அலுவலகமாக மாற்றப்போவதாகச் சொன்னார்.

"எல்லா ஊர்லயும் இப்ப ஓப்பன் ஆபீஸ்தான் சார். யார் என்ன வேலை பண்றாங்கன்னு கஸ்டமருக்குத் தெரியணும். நமக்கு மறைக்க என்ன இருக்கு?"

"நமக்கு இல்ல. வர்றவங்களுக்கு இருக்குது" என்றேன். "கிளெய்ம் செக்‌ஷனை மட்டும் அப்படியே விட்டுடுங்க. அங்க வர்றவங்க அழுவாங்க."

"நம்ம ஊர்ல அழறதுக்கு யார் சார் ரூம் தேடறாங்க? நடுத்தெருவுலதான அழறாங்க."

"சாவுக்குத் தெருவுல அழுவாங்க. அங்க அழுதுகிட்டே சொல்றது ஊரே கேக்கறதுக்கு. இங்க வந்து சொல்றது அது இல்ல."

அவர் சிரித்தார். "உங்க கேபினும் போகுதேன்னு வருத்தமா சார்?"

"அதுவும்தான்" என்றேன்.

என் ஆட்சேபத்தை முறைப்படி எழுத்திலும் கொடுத்தேன். தச்சர்கள் வந்தார்கள். எனக்கும் அடுத்த தடுப்பறை அதிகாரிக்கும் நடுவிலிருந்த பலகையைப் பெயர்த்து எடுத்தபோது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தினி வருஷம் குரலாவே இருந்தீங்க சார். உங்களுக்கு மூஞ்சியும் இருக்குது பாருங்க."

குளிர்சாதனம் வந்ததால் விசிறிகளை அகற்றினார்கள். "அந்தப் பழைய டேபிள் ஃபேனைப் பழுதுன்னு போட்டுடுங்க சார்" என்றார் மேலாளர். நான் அப்படிப் போடவில்லை. 'நல்ல நிலையில் உள்ளது' என்று குறித்து, மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறைக்கு அனுப்பினேன். பழுதாகாத ஒன்றைப் பழுது என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

புதிய கூடத்தில் வெளிச்சம் அதிகம். ஜன்னல்களைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். இதுவரை எங்களுக்குத் தெரியாமலிருந்த மலை, கோட்டைச் சுவரோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நிமிரும்போதெல்லாம் எவர் கண்ணாவது என் கண்ணில் பட்டது. முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இளைஞர்கள் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு தங்களுக்கு ஒரு தடுப்பு செய்துகொண்டார்கள். தட்டச்சுப் பிரிவிலிருந்த ஓர் அம்மாள் மேசையைச் சுற்றிக் கோப்புகளை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார். மேலாளர் அதைப் பிரிக்கச் சொன்னார். நான் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். எனக்குக் குடல்புண் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை.

எல்லாவற்றையும்விட விசித்திரமாக எனக்குப் பட்டது அந்த அமைதி. குளிர்சாதனத்துக்காகக் கதவு ஜன்னல்களை மூடிவிட்டதால், பேருந்து நிலையத்து இரைச்சல்கூட வரவில்லை. ஒருவர் தும்மினால் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பொங்கல் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கும். முற்பகல் நேரம். நாற்பதைக் கடந்த ஒரு பெண், சிங்கவரத்துக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து தனியாக வந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள். அந்த அதிகாரியின் பழைய தடுப்பறை வாசல் இருந்த இடத்தில் வந்து நின்றார். அங்கே இப்போது வாசலும் இல்லை, தடுப்பும் இல்லை. இருந்தும் அதற்குமேல் ஓர் அடி வைக்காமல் நின்றார்.

"சார், அந்த ரூமு எங்க?"

"எந்த ரூமும்மா?"

"எங்க நைனா செத்தப்ப எங்கம்மாகூட வந்தனே. நீங்கதான எழுதுனீங்க. பேனு ஓடுமே, அந்த ரூமு."

"இதான்மா ரூமு. ஒக்காரு" என்று அவர் சிரித்தார்.

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கணவர் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் திண்டிவனத்து முகவரியைக் காட்டியது. பாலிசியிலோ ஊர் வீட்டு முகவரி இருந்தது. ஏன் என்று அதிகாரி கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கத் தொடங்கியது. அதிகாரியின் கை மேசை ஓரத்துக்குப் போனது. பொத்தான் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. விரல்கள் அந்த வெறும் பலகையை ஒரு முறை அழுத்தியதை நான் பார்த்தேன். பிறகு அவர் எப்போதும்போல் முன்னால் சாய்ந்தார்.

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"இன்னாம்மா?"

மறுபடியும் சொன்னார். அவர் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். விசிறிக்கு மேல் ஒலித்துப் பழகிய குரல் அது.

"எறந்தது வூட்ல இல்ல. சரி. திண்டிவனத்துல. யாரு வூடும்மா அது?"

அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பொம்பள வூடு. சரிம்மா. ஊர்ல இன்னான்னு சொன்னீங்க? தூக்கத்துலயே போயிட்டாருன்னு. சரி. வேன்ல கொண்டாந்து வூட்ல படுக்க வச்சீங்க. சரிம்மா, சரி."

நான் எழுந்தேன். "சார்" என்றேன். அவர் தலையைத் தூக்காமல் இடக்கையை உயர்த்தினார். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கைக்கு நான் கட்டுப்பட்டவன். ஒரு கணம் அப்படியே நின்றேன். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள் காதிலிருந்ததை எடுத்திருந்தார்கள். அந்தப் பெண் மெல்லத் திரும்பி எல்லோரையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அதிகாரி நிமிர்ந்தார்.

"பொண்ணுக்குப் பரிசம் போட நாள் பாத்திருக்குது சார்" என்றார் அந்தப் பெண். மிகவும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அதுவும் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது.

அதிகாரியின் கை மறுபடியும் மேசை ஓரத்துக்குப் போயிற்று.

அந்தப் பரிசத்தில் எனக்கும் ஒரு தொடர்பு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என் மனைவிக்கு உறவு. மார்கழி பிறப்பதற்கு முன்பே வந்து என்னிடம் விசாரித்திருந்தார்கள். 'நல்ல குடும்பம்' என்று என் வழக்கப்படி இரண்டு சொற்கள் சொல்லியிருந்தேன். திண்டிவனத்துச் செய்தி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் சித்தப்பா என் வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்குத் தம்பி முறை. செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கினார்.

"நல்ல குடும்பம்னீங்களே மாமா."

"நல்ல குடும்பம்தான்."

"அந்தாளு எங்க போயி செத்தான்னு உங்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டு சொல்லக்கூடாதா?"

"ஆபீசுல நடக்கறது ஆபீசோட."

"இன்னா மாமா ஆபீசோட? டீக்கடையில பேசறான், சலூன்ல பேசறான். செஞ்சி முழுக்கத் தெரிஞ்ச விஷயத்த நீங்க ஒருத்தர்தான் பூட்டி வச்சிருக்கீங்க."

என் மனைவி காபி கொண்டுவந்தார். வந்தவர் குடிக்கவில்லை. பரிசம் நின்றுபோனது.

சில நாட்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் மகள் இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, பஸ்சு வந்துடும்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்கதான சார் அவங்களுக்குச் சொந்தம்?"

"ஆமாம்மா."

"நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொல்லல."

"அப்ப யாரு சொன்னாங்க? அத்தினி பேரு இருந்தாங்கதான், இல்லங்கல. ஆனா அதுங்களுக்கு என்னத் தெரியாது, எம் பொண்ணத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த கிளெய்ம் சாரு சொல்ற ஆளு இல்ல. எங்க நைனா காலத்துலேர்ந்து அவரப் பாத்தவ நானு. மிச்சம் யாரு சார்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தச் சாரின் செவி போய்விட்டது, அதனால்தான் அவர் குரல் கூடம் முழுவதும் கேட்டது, கேட்ட யாரோ உன் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் கண்ணில் என் பெயர் அப்போதே தேறியிருக்கும். அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரே மனிதரை அதற்கு விலையாகக் கொடுத்திருப்பேன்.  பேருந்து வந்தது. மகள் முதலில் ஏறினாள். படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம், என் வீட்டு மேசைக்கு எதிரே இன்றும் பல பகல்களில் வருகிறது.

அதன்பின் குடும்பங்களைப் பற்றி விசாரிக்க யாரும் என்னிடம் வரவில்லை. கடைத்தெருவில் என்னைக் கண்டால் இப்போதும் பேச்சைத் தாழ்த்தினார்கள். காரணம் மாறிவிட்டது.

அந்த அதிகாரியும் பழைய ஆளாக இல்லை. ஒரு நாள் காலை, சாமான் அறையிலிருந்து தன் விசிறியைத் தானே தூக்கிவந்து மேசைமேல் வைத்து ஓடவிட்டார். பக்கத்து மேசைகளின் காகிதங்கள் பறந்தன. மேலாளர் எழுந்து வந்தார்.

"சார், ஏசி ஓடுது."

"காத்துக்கு இல்ல சார் இது."

"வேற எதுக்கு?"

அவர் விசிறியை நிறுத்தினார். விசிறி சாமான் அறைக்குத் திரும்பிப் போயிற்று. அதற்குப்பின் அவர் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் ஒரு தாளை நீட்டி எழுதித் தரச்சொன்னார். வந்தவர்களில் பலர் அந்தத் தாளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்துபோனவர்களும் உண்டு. பிறகு அவர் நீண்ட விடுப்பில் போனார்.

அவரைப் பார்க்க ஒரு ஞாயிறு பிற்பகலில் திருவண்ணாமலை சாலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி, "பேன நிறுத்தவே வுட மாட்டேங்கறாரு சார். மழை பெய்யறப்பவும் ஓடணும்" என்றார். கூரை விசிறிக்கு நேர் கீழே அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அலுவலகச் செய்திகளைக் கேட்டார். கிளம்புவதற்காக நான் எழுந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தார்.

"சார். அன்னிக்கு நான் சத்தமாவா சொன்னேன்?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வலக்காதருகே குனிந்தேன்.

"எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னீங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு உரக்க, எழுதிக்கொள்பவரைப்போல நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னார்:

"எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். சரி."

அடுத்த மாதம் அவர் காலமானார். அவருடைய பாலிசிக்காக அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். எல்லோர் நடுவிலும், கணவருடைய நாற்காலிக்கு எதிரிலேயே அமர்ந்து, அங்கே புதிதாக வந்திருந்த இளைஞரிடம் ஒரு சொல்கூடப் பேசாமல், நீட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

இனிச் சொல்லப்போவதை என் படிப்பு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் எழுதுகிறேன். அலுவலகம் பெருக்கும் அம்மாள் ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"சார், மத்தியானத்துல அந்த மூலையில பேனு ஓடுது."

"அங்க பேன் ஏதும்மா?"

"அதான் சார் நானும் சொல்றன். பேனு இல்ல. சத்தம் ஓடுது."

இளைஞர்கள் அவரைக் கேலி செய்தார்கள். சில நாட்களில் கேலி நின்றது. அந்த இடத்தில் உட்கார்ந்த இளைஞர், வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சொல்லி வேறு மேசைக்கு மாறிக்கொண்டார். நான் எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடகடவென்ற ஓட்டம், ஒரு கணம் நிற்பது, 'டிக்'. பிறகு தாழ்ந்த குரலில் ஒருவர் ஏதோ சொல்லத் தொடங்குவார். சொற்கள் புரியாது. திருப்பிச் சொல்லும் குரல் மட்டும் வரவே வராது. நான் பேனாவைக் கையில் பிடித்தபடி அந்தக் குரலுக்காகக் காத்திருப்பேன்.

ஒரு முறை சாமான் அறையைத் திறந்து பார்த்தேன். விசிறி இருந்தது. மின்கம்பியை அதன் கழுத்தில் சுற்றிவைத்திருந்தார்கள். பொத்தான்மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தேன்.

நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் சொந்த வேலையாக அங்கே போயிருந்தேன். மேலாளர் மாறிவிட்டார், பெரும்பாலானவர்கள் எனக்குப் புதியவர்கள். அந்த மூலை காலியாக இருந்தது. கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறவர்கள் குறுக்கே நடக்காமல், அங்கே ஒரு தடுப்பு இருப்பதுபோல வளைந்து போனார்கள். தடுப்பைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அவர்கள். தடுப்பு எங்கே திரும்பியதோ அதே இடத்தில் திரும்பினார்கள். அந்த வளைவுக்குள் ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் இருந்தது. போகும்போது நானும் வளைந்துதான் போனேன்.

அந்தப் பெண்ணின் மகளுக்கு வேறு இடத்தில் வரன் அமைந்ததாகக் கேள்வி. தாயார் எதிர்ப்பட்டால் இன்றும் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறார்.

இதுவரை ஒன்றும் பேசாத நான் இப்போது எழுதுவதற்குக் காரணம், இனிப் பேச முடியாத ஒருவர்மேல் ஊர் பழி சுமத்தியதுதான். சிலவற்றைத் திருத்திவிட்டு முடித்துக்கொள்கிறேன். அந்த அதிகாரி மாப்பிள்ளை வீட்டாரின் தூண்டுதலால் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார் என்கிறார்கள். அவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. என் உறவினருக்கு நான் சொன்னதாகச் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. அவருடைய ஆவிக்குப் பயந்து நான் முன்னதாகவே ஓய்வு பெற்றேன் என்கிறார்கள். நான் வயது முடிந்து ஓய்வு பெற்றேன். அன்று விசிறி பழுதாகிக் கிடந்தது, அதனால்தான் அப்படி ஆகிவிட்டது என்று அந்த அலுவலகத்தில் இருப்பவர்களே இப்போது சொல்கிறார்கள். விசிறி பழுதாகவில்லை. அகற்றிய நாளில் அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தியவன் நான். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.